உண்டியலா, வீட்டுச் சாவியா? மலைமேல் மழைமானியும் கடவுச்சொல் இல்லாத கோப்புப் பரிமாற்றமும்

தொலைவில் நிற்கும் ஒரு கருவியிலிருந்து சர்வருக்குக் கடவுச்சொல் கேட்காமல் கோப்பு அனுப்புவது எப்படி என்று இணையத்தில் தேடினால், ஏறக்குறைய ஒரே செய்முறைதான் வந்து நிற்கும். கருவியில் எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டி ஒரு சாவி ஜோடி உண்டாக்குங்கள். கேட்கிற கேள்விக்கெல்லாம் என்டர் தட்டுங்கள். எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கொண்டு பொதுச்சாவியை சர்வரில் ஏற்றுங்கள். க்ரான் அட்டவணையில் ஒரு எஸ்சிபி வரி எழுதுங்கள். அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை.

இந்தக் குறிப்பு அந்தச் செய்முறையின் மீதான விமர்சனம். அது ஓடாது என்பது என் புகார் இல்லை. ஜோராக ஓடும், ஓடுவதால்தான் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது மேசைமேல் இருக்கிற லேப்டாப்பை மனதில் வைத்து எழுதப்பட்ட செய்முறை. ஆள் இல்லாத காட்டில் கம்பத்தில் நிற்கும் ஒரு பெட்டிக்கு அதை அப்படியே மாட்டும்போது, சர்வரின் பாதுகாப்பு முழுவதையும் அந்தப் பெட்டியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பொதுவாகப் பேசினால் காற்றோடு போய்விடும். அதனால் தாமிரபரணிப் படுகையை எடுத்துக்கொள்கிறேன்.

ஆறும் அளவும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணியின் நீளம் 130 கிலோமீட்டரைத் தாண்டாது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. மேலே பாபநாசம் (143 அடி), சேர்வலாறு (156 அடி), மணிமுத்தாறு (118 அடி) என்று மூன்று அணைகள். கீழே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். குட்டை ஆறு, செங்குத்தான மலை. மேலே பெய்த மழை கீழே வந்து சேர அதிக நேரம் எடுக்காது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய எஸ்டேட் ஊர்களின் மழை அளவை நெல்லைக்காரர்கள் ஆவலோடு பார்ப்பது அதனால்தான். அங்கே என்ன பெய்தது என்று தெரிந்தால் அணைக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். அணைக்கு வருவது தெரிந்தால் மதகை எப்போது திறக்க வேண்டியிருக்கும் என்று தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பல ஊர்களில் மின்சாரம் இல்லை, போனும் இல்லை. மலையில் பெய்ததும் அணையிலிருந்து வந்ததும் சமவெளியில் கொட்டியதும் ஒன்றாகச் சேர்ந்த வெள்ளம் அது.

அந்த மாதிரி இரவில், மேலே ஒரு பெட்டியிலிருந்து வரவேண்டிய சின்னக் கோப்பு வந்ததா, முழுசாக வந்ததா, அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் உயிர்க்கணக்கு இருக்கிறது. தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் அமைக்கும் திட்டத்தை எடுத்திருக்கிறது. மாஞ்சோலைப் பக்கமோ ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பாம்பே பர்மா நிறுவனத்தின் 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. 2024-இலேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தாயிற்று. பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பெட்டி சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். ஆகவே பெட்டி எப்படிப் பேசுகிறது என்பது கணினிக்காரர்கள் மட்டும் கவலைப்படும் சங்கதி இல்லை.

எதைக் காக்கிறோம்?

பாதுகாப்பு என்றதும் ரகசியம் என்றுதான் மனது போகும். ஆனால் மழை அளவு ரகசியமே இல்லை. மறுநாள் பேப்பரில் வந்துவிடும். பாபநாசம் அணையின் நீர்மட்டம் டீக்கடையில் பேசப்படும். நடுவழியில் ஒருவர் எட்டிப் பார்த்து "நாலுமுக்கில் இன்று இவ்வளவு" என்று தெரிந்துகொண்டால் ஒரு நஷ்டமும் கிடையாது.

காக்க வேண்டியவை வேறு மூன்று. சொன்னது யார் என்பது. சொன்னது மாறாமல் வந்தது என்பது. ஒருமுறை சொல்லி வாங்கிவைத்ததைப் பின்னால் யாரும் திருத்தவில்லை என்பது. அணையில் அளவு பார்க்கிறவர் போனிலோ வயர்லெஸ்ஸிலோ சொல்லும்போது, கேட்கிறவருக்கு அந்தக் குரல் தெரியும். அந்தக் குரலே அத்தாட்சி. பெட்டிக்குக் குரல் கிடையாது. சாவிதான் அதன் குரல். கடவுச்சொல் இல்லாத பரிமாற்றத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால், அந்தப் பத்து நிமிஷச் செய்முறையின் ஓட்டைகள் வரிசையாகத் தெரியும்.

முதலில் அதன் நல்ல பக்கம்

நியாயமாகப் பேச வேண்டும். சாவிக்கு முன்னால் இருந்த நிலைமை இதைவிட மோசம். கோப்பு அனுப்பும் எஃப்டிபி நெறிமுறையின் முதல் வடிவத்தை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர்களில் ஒருவர். அன்றைக்கு வலையில் இருந்தது கொஞ்சப் பேர், ஒருவரையொருவர் தெரியும். அந்த நெறிமுறையில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மூடாத எழுத்தாகவே கம்பியில் போகும். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதைக் கண்டு, தாது யுலோனன் எஸ்எஸ்எச் எழுதினார். இன்று நாம் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச் 1999-இல் வந்தது.

ஆள் இல்லாத கருவிக்குக் கடவுச்சொல் ஏன் ஒத்துவராது? தட்டுவதற்கு விரல் இல்லை. எனவே அதை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தால் கோப்பைத் திறக்கிற எல்லோருக்கும் தெரியும். 2016-இல் மிராய் என்ற கெடுமென்பொருள் கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் வீட்டு ரவுட்டர்களையும் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அதன் கையில் இருந்ததெல்லாம் தயாரிப்பாளர்கள் போட்டுவிட்டுப் போன, யாரும் மாற்றாத அறுபது சொச்சம் பயனர்பெயர்–கடவுச்சொல் ஜோடிகள்தான்.

நம் மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கணினியில் கெடுமென்பொருள் இருந்ததை 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. அது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையில் இருந்த கணினி. உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருக்கிறது, அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அந்தச் சமயத்தில் வெளியே வந்த டிட்ராக் வகை மாதிரி ஒன்றை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். திரட்டிய தகவலை உள்வலையில் இன்னொரு கணினிக்கு நகல் எடுக்கத் தேவையான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. திருடனுக்கும் நம்முடைய அதே பிரச்சினைதான் பாருங்கள்: ஆள் இல்லாமல் கோப்பு அனுப்ப வேண்டும். அவனும் கடவுச்சொல்லை உள்ளே எழுதினான். மாதிரியைத் திறந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

சாவி இதைவிட மேல். தனிச்சாவி பெட்டியை விட்டு வெளியே போவதே இல்லை. சர்வரில் இருப்பது பொதுச்சாவி; அது கசிந்தாலும் அதை வைத்து உள்ளே நுழைய முடியாது. இன்னொரு வசதியும் உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை: சாதாரண எஸ்எஸ்எச் சாவிக்குப் பெட்டியின் கடிகாரம் சரியாக ஓட வேண்டியதில்லை. ராஸ்பெரி பையில் ஐந்தாம் தலைமுறை வரும்வரை, மின்சாரம் போனால் நேரத்தை நினைவில் வைக்கும் கடிகாரமே கிடையாது. இணையதளச் சான்றிதழை நம்பும் முறைகளில் தேதி தப்பினால் இணைப்பே கிடைக்காமல் போகலாம். சாவி அதைக் கண்டுகொள்ளாது. மின்சாரம் போய்ப் போய் வரும் மலைக்கு இது பெரிய விஷயம்.

இதுவரைக்கும் செய்முறை சரி. இனிமேல்தான் சண்டை.

சாவிய யார்ட்டல குடுத்துட்டு வந்த?

வீட்டைப் பூட்டிவிட்டு வந்த பையனிடம் திருநெல்வேலியில் எந்தப் பெரியவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. செய்முறை இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

"கடவுச்சொல் இல்லாத" என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. கடவுச்சொல் இல்லை, சரி. ரகசியம் இல்லாமல் போய்விட்டதா? இல்லை. மனிதனின் தலைக்குள் இருந்த ரகசியம் எஸ்டி கார்டுக்கு இடம் மாறியிருக்கிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் என்டர் தட்டியதால் அந்தத் தனிச்சாவிக்கு மேலே இன்னொரு பூட்டும் இல்லை. ஆள் இல்லாத கருவியில் அந்தப் பூட்டைப் போடவும் முடியாது. போட்டால் திறக்க ஆள் வேண்டும். ஆக, கார்டை உருவி எடுத்துக் கணினியில் செருகுகிற யாருக்கும் சாவி கிடைக்கும்.

இதைத் தவிர்க்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கேள்வி, அந்தச் சாவி எதைத் திறக்கிறது என்பது. இங்கேதான் செய்முறை சறுக்குகிறது. எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி ஏற்றிய சாவி, அந்தப் பயனர் கணக்கின் முழு வாசலையும் திறக்கிறது. பெட்டி தினமும் செய்வது நாலு வரி மழைக் கணக்கைப் போடுவது. அதன் கையில் இருக்கும் அதிகாரமோ உள்ளே போய் உலாவலாம், மற்ற ஊர்களின் கோப்பைப் படிக்கலாம், அழிக்கலாம், போன வருஷக் கணக்கைத் திருத்தலாம், சர்வருக்குப் பின்னால் இருக்கும் மற்ற கணினிகளுக்குச் சுரங்கம் போடலாம். களக்காடு–முண்டந்துறை காட்டுக்குள் நிற்கும் ஒரு பெட்டியின் கதவுதான் திருநெல்வேலியிலோ சென்னையிலோ இருக்கும் சர்வரின் கதவு என்று ஆகிவிட்டது.

அப்படியானால் சர்வரே போய்ப் பெட்டியிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். சாதாரண மொபைல் சிம்மில் அது பெரும்பாலும் நடக்காது. ஒரு பொது முகவரிக்குப் பின்னால் நிறையச் சந்தாதாரர்களை நிறுவனங்கள் அடுக்கிவைத்திருக்கின்றன. வெளியிலிருந்து பெட்டியைக் கூப்பிட வழியில்லை. பெட்டிதான் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். அதே காரணத்தால், "இந்த முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி" என்ற கட்டுப்பாடும் உதவாது. முகவரி மாறிக்கொண்டே இருக்கும்.

இதற்கு நம்மூரில் எல்லோருக்கும் தெரிந்த தீர்வு இருக்கிறது: கோயில் உண்டியல். நெல்லையப்பர் கோயிலில் யார் வேண்டுமானாலும் உண்டியலில் போடலாம். போட்டவரே திரும்ப எடுக்க முடியாது. திறப்பது வேறு ஆட்கள், வேறு சாவி. போடுகிற உரிமையும் திறக்கிற உரிமையும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. மழைமானிக்குத் தேவை உண்டியலின் வாய். செய்முறை கொடுப்பது கோயில் சாவிக்கொத்து.

எஸ்எஸ்எச்-இலேயே இந்த வாயைச் செய்ய முடியும், கஷ்டமும் இல்லை. சர்வரில் பொதுச்சாவிகள் பட்டியலிடப்பட்டிருக்கும் கோப்பில், ஒவ்வொரு சாவி வரிக்கு முன்னாலும் நிபந்தனை எழுதலாம். "இந்தச் சாவியோடு யார் வந்தாலும், அவர் எந்தக் கட்டளை கேட்டாலும், நான் சொல்லும் கட்டளையைத்தான் ஓட்டு" என்பது ஒன்று. சுரங்கம், திரை, முகவர் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' இன்னொன்று. 2016-இல் வந்த 7.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆர்சிங்க்கோடு வரும் ஆர்ஆர்சிங்க் என்ற சின்ன ஸ்கிரிப்டைக் கட்டாயக் கட்டளையாக வைத்தால், சாவியை ஒரே கோப்புறைக்குள், எழுத மட்டும் என்று கட்டிப்போடலாம். நாலுமுக்குச் சாவி நாலுமுக்குக் கோப்புறையில் மட்டும் போடும். ஊத்துக் கோப்புறை அதன் கண்ணுக்கே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. "எழுத மட்டும்" என்பது "சேர்க்க மட்டும்" என்று ஆகாது. படிக்க முடியாதவன்கூட, அதே பெயரில் வேறு கோப்பைப் போட்டுப் பழையதை மூடிவிடலாம். எனவே உண்டியலை அடிக்கடி திறந்து எண்ணிவிட வேண்டும். வந்த கோப்பைச் சில நிமிஷத்துக்கு ஒருமுறை சர்வரிலேயே வேறொரு பயனரின் கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள். அங்கே பெட்டியின் சாவிக்கு வேலையே இல்லை. நேற்று பெய்த மழையை இன்று யாரும் மாற்ற முடியாது.

கூடவே ஒன்று. சாவி ஏற்பாடு முடிந்ததும் சர்வரில் கடவுச்சொல் நுழைவை நிறுத்துங்கள். பல செய்முறைகள் இந்த வரியை விட்டுவிடுகின்றன. முன்வாசலுக்குப் புதுப் பூட்டு போட்டுவிட்டுப் புழக்கடையைத் தாழ் போடாமல் விட்ட கதை அது. கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ராத்திரி பகலாக அங்கேதான் நிற்கின்றன.

நாற்பது பெட்டிக்கு ஒரே சாவி

நான் பார்த்த ஒரு அமைப்பில், பெயர் வேண்டாம், ஒரு பெட்டியைச் சரியாகத் தயார் செய்து, அதன் கார்டை அப்படியே நகல் எடுத்து நாற்பது பெட்டிக்கும் போட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தனிச்சாவி. வேலை சுலபம்தான். ஆனால் ஒரு பெட்டி காணாமல் போனால்? அதன் சாவியை ரத்து செய்தால் மீதி முப்பத்தொன்பதும் ஊமையாகிவிடும். ரத்து செய்யாவிட்டால் காணாமல் போன பெட்டி நாற்பது ஊரின் பெயரிலும் பேசலாம். இரண்டும் கெட்ட தேர்வு. மழைக்காலத்தில் யாரும் முதலாவதைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆகவே சாவி அப்படியே இருக்கும்.

இது சின்னக் குழுக்களின் சோம்பல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் செக் கன்சல்ட் என்ற நிறுவனம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் ஃபர்ம்வேரைத் தோண்டிப் பார்த்து, 580 தனித்தனிச் சாவிகளை எடுத்தது. ஒரே சாவி எத்தனையோ கருவிகளில் திரும்பத் திரும்ப இருந்தது. 2012-இல் நாடியா ஹெனிங்கரும் கூட்டாளிகளும் இன்னொரு சிக்கலைக் காட்டினார்கள். சின்னக் கருவிகள் முதல்முறை உயிர்பெறும் நொடியில் போதிய தற்செயல்தன்மை கிடைக்காமல் சாவி செய்துவிடுகின்றன. அப்படிப் பிறந்த சில சாவிகளைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

எனவே ஒரு பெட்டிக்கு ஒரு சாவி. அதுவும் கருவி கொஞ்ச நேரம் ஓடிய பிறகு செய்த எட்25519 சாவி. சாவிக்குப் பெயரும் வையுங்கள். செய்முறைப்படி என்டர் தட்டினால் சாவியின் கடைசியில் கருவியின் இயல்புப் பெயர்தான் ஒட்டிக்கொள்ளும். சர்வரில் நாற்பது வரி, நாற்பதும் "பை, ராஸ்பெரிபை" என்று நிற்கும். அதில் குதிரைவெட்டி எது, மணிமுத்தாறு எது? ஊர்ப்பெயரும் மாட்டிய தேதியும் இருந்தால், காணாமல் போன அன்று ஒரு வரியை அழித்தால் போதும்.

சர்வரின் முகம்

பெட்டி யார் என்று சர்வர் பார்க்கிறது. சர்வர் யார் என்று பெட்டி பார்க்கிறதா? முதல் இணைப்பில் எஸ்எஸ்எச் "இந்த சர்வரை எனக்குத் தெரியாது, தொடரலாமா?" என்று கேட்கும். ஆள் இல்லாத இடத்தில் பதில் சொல்ல யாருமில்லை. செய்முறைகளின் பரிந்துரை: அந்தச் சோதனையையே அணைத்துவிடு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வாசலில் நிற்பவர் யார் என்று கேட்கச் சொன்னால், கேட்பதையே நிறுத்தச் சொல்லும் அறிவுரை இது.

சோதனை இல்லாவிட்டால் சர்வரின் பெயரில் நிற்கும் எந்தக் கணினியிடமும் பெட்டி கோப்பைக் கொடுத்துவிட்டு "அனுப்பியாச்சு" என்று குறித்துக்கொள்ளும். நம் சர்வருக்கு ஒன்றும் வராது. பெட்டி அனுப்பியதாக நினைக்கிறது, நாம் மழை இல்லை என்று நினைக்கிறோம். சரியான வழி சுலபமானது: பெட்டியை மலைக்கு அனுப்பும் முன்பே மேசையில் வைத்து சர்வரின் பொதுச்சாவியை அதில் எழுதிவிடுங்கள், சோதனையைக் கண்டிப்பாக்குங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சர்வரின் டிஸ்க் செத்து, புதிய கணினியில் புதிய சாவியோடு எழுப்பினால், எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் "இது அவர் இல்லை" என்று மறுத்துவிடும். டிசம்பரில் அது நடந்தால், வனத்துறை அனுமதி வாங்கி ஒவ்வொரு கம்பமாக ஏற வேண்டியதுதான். சர்வரின் சாவியை வேறிடத்தில் பத்திரமாக நகல் வைத்திருந்தால் அந்த மலையேற்றம் மிச்சம். தரவுக்கு நகல் எடுக்கிறவர்கள் இந்தச் சின்னக் கோப்பை மறந்துவிடுகிறார்கள்.

பாதிக் கோப்பு

இப்போது எஸ்சிபி வரிக்கு வருவோம். எஸ்சிபி கோப்பை அதன் இறுதிப் பெயரிலேயே எழுதிக்கொண்டு போகும். நடுவில் சிக்னல் போனால் பாதிக் கோப்பு அதே பெயரில் சர்வரில் நிற்கும். மழைக் கணக்கில் இது விபரீதம். 142.5 மில்லிமீட்டர் என்ற எண் நடுவில் வெட்டுப்பட்டால் 14 ஆகும். 14 என்பதும் ஒரு நல்ல எண்தான்; எந்தச் சோதனையும் அதைத் தப்பு என்று சொல்லாது. ஆர்சிங்க் இயல்பாகவே தற்காலிகப் பெயரில் வாங்கி, முழுசாக வந்து சேர்ந்த பிறகு பெயரை மாற்றுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே எஸ்சிபியை விடலாம்.

அடுத்தது, "இன்றைய கோப்பை அனுப்பு" என்று எழுதும் பழக்கம். 2023 டிசம்பர் மாதிரி இரண்டு நாள் டவர் இல்லை என்று வையுங்கள். 15 நிமிஷத்துக்கு ஒரு அளவு என்றால் 192 அளவுகள் பெட்டியில் காத்துக்கிடக்கும். டவர் திரும்பியதும் ஸ்கிரிப்ட் சமத்தாக இன்றைய கோப்பை அனுப்பும். வெள்ளம் வந்த இரண்டு நாள் கணக்கு கார்டிலேயே தூங்கும். அனுப்பாததையெல்லாம் அனுப்பு, போய்ச்சேர்ந்தது உறுதியானதும் தனி இடத்துக்கு நகர்த்து, அழிக்காதே என்று எழுத வேண்டும். முந்தைய ஓட்டம் முடியும்வரை அடுத்தது தொடங்காமல் ஒரு பூட்டு, இணைப்பு தொங்கினால் விட்டுவிட்டு வரக் காலவரம்பு, சாவி ஒத்துவராவிட்டால் கடவுச்சொல் கேட்டு நிற்காத 'பேட்ச் மோட்' ஆகிய மூன்றும் கூட வேண்டும். எல்லாம் சேர்ந்து பத்து வரி அதிகம், அவ்வளவே.

கடைசியாக, வராத கோப்பு. செய்முறையில் தோல்விக்கு இடமே இல்லை. க்ரான் தோற்றால் பெட்டிக்குள்ளேயே ஒரு பதிவுக் கோப்பில் முனகும். அதை யார் கேட்பது? செத்த பெட்டி தன் சாவைத் தானே அறிவிக்காது. சர்வர்தான் கடிகாரம் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரமாக ஊத்திலிருந்து ஒன்றும் இல்லை என்றால் ஒருவரின் போன் அடிக்க வேண்டும். அட்டவணையில் அந்த இடத்தில் சுழியம் போடக் கூடாது. "மழை இல்லை" வேறு, "தகவல் இல்லை" வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுபோல் ஆபத்தான தவறு வெள்ளக் கணக்கில் இல்லை.

வேறு வழி இல்லையா?

உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தானியங்கி நிலையங்களில் பல, இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தமக்கு ஒதுக்கிய நேரத்துளியில் தகவலை மேலே வீசுகின்றன. புணேவில் உள்ள தரைநிலையம் வாங்கிக்கொள்கிறது. ஒருவழிப் பாதை. நுழைய சர்வரே இல்லை, திருட வாசல் சாவியும் இல்லை. டவர் விழுந்தாலும் வானம் விழாது. ஆனால் அதற்கான கருவியும் ஒதுக்கீடும் சின்னக் குழுவுக்கோ கல்லூரிக்கோ எட்டாது. எம்க்யூடிடி போன்ற இலேசான முறைகளும் உண்டு. நாலு வரி அனுப்பச் சில கிலோபைட் கைகுலுக்கும் எஸ்எஸ்எச்சைவிட, இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் அவை சிக்கனம். ஆனால் அங்கேயும் பெட்டிக்குள் ஒரு ரகசியம் இருந்துதான் ஆக வேண்டும், அது எதைத் திறக்கிறது என்ற கேள்வியும் அப்படியே இருக்கும். செயற்கைக்கோள் முறையிலிருந்து நாம் கற்க வேண்டியது அதன் ஒருவழித்தன்மையை. அதை இணையத்தில் பாவனை செய்வதுதான் உண்டியல் சாவி.

காலாவதி பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இலிருந்து ஓபன்எஸ்எஸ்எச்-இல் ஒவ்வொரு சாவிக்கும் முடிவுத்தேதி எழுதலாம். நல்ல வசதி, மறந்துபோன சாவிகள் தானாகச் சாகும். ஆனால் அலுவலக வழக்கப்படி டிசம்பர் 31 என்று போட்டுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் உச்சியைத் தொட்டு அடங்கிக்கொண்டிருக்கும். மார்ச் 31-உம் வேண்டாம், அன்றைக்கு எல்லா அலுவலகமும் கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருக்கும். பிசான அறுவடை முடிந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் வரும் ஏப்ரல் பாதியில் வையுங்கள். அப்போது மலை ஏறலாம், கார்டு மாற்றலாம், புதுச் சாவி போடலாம். நிரல் எழுதுகிறவர் ஊரின் விவசாயக் காலண்டரையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே யாராவது உங்களிடம் "பாஸ்வேர்டு இல்லாம செட் பண்ணியாச்சு, ஓடுது" என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பெட்டி இன்று ராத்திரி திருடுபோனால், எடுத்தவர் சர்வரில் எதைப் பார்க்கலாம், எதை அழிக்கலாம்? அவரைத் தடுக்க எத்தனை வரி அழிக்க வேண்டும், அதனால் வேறு எந்த ஊர் ஊமையாகும்? இரண்டு நாள் டவர் இல்லாமல் இருந்து திரும்பினால் என்னென்ன வந்துசேரும்? முதல் கேள்விக்கு "ஒன்றும் இல்லை" என்றும், இரண்டாவதுக்கு "ஒரு வரி, வேறு ஊர் எதுவும் இல்லை" என்றும், மூன்றாவதுக்கு "எல்லாம்" என்றும் பதில் வந்தால் அந்த அமைப்பை நம்பி மலையில் ஏற்றலாம். வேறு பதில் வந்தால், இன்னும் ஒரு நாள் மேசையில் வைத்து வேலை பாருங்கள்; மழைக்கு முன்னால் அந்த ஒரு நாள் கிடைக்கும்.